ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடு

எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் பத்மநாபன் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நேற்றுக் காலை குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "கட்டடத்தின் முகப்பில் தொங்கிய, பல மாதங்களாக உபயோகத்தில் இல்லாத பழைய ஒயர்கள், பெயின்ட் வேலை நடந்த கடைசி வாரத்தில் வெள்ளிக்கிழமை அன்று அகற்றப்பட்டன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி." கீழே ஒரு பத்துப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். ஒருவர் பூங்கொத்து வைத்திருந்தார். ஒயர் போனதற்குப் பூங்கொத்து.

உபயோகத்தில் இல்லாத ஒயர் என்று அவர் சொல்வது என் வீட்டு டெலிபோன் ஒயர். அதை அறுத்தது வெள்ளிக்கிழமை இல்லை, அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை. இரண்டு நாளில் என்ன வந்துவிட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கோபம் வந்தால் எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து மூன்று வாரம் ஆகிறது. வாசனை இன்னும் போகவில்லை. காபியில் பெயின்ட், ரசத்தில் பெயின்ட். வாசனை என்று எழுதியதும் எனக்கு டெலிபோன் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். டெலிபோனுக்கு வாசனை இருந்தது. தி. நகரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த காலத்தில், வாரம் ஒருமுறை கையில் சின்னப் பெட்டியோடு ஒரு பெண் வருவாள். எல்லா மேஜையிலும் ரிசீவரைத் துடைத்து, பேசும் பக்கத்தில் ஒரு வாசனை வில்லையை ஒட்டிவிட்டுப் போவாள். அதுதான் அவள் வேலை. எங்கள் மேனேஜர் மத்தியானம் வெங்காய சாம்பார் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த மல்லிகை வில்லைக்குள் அரை மணி நேரம் கத்துவார். பிறகு நான் அதே போனை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "குட் ஆப்டர்நூன்" சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசியதால்தான் என் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த மென்மையான குரலை நம்பி என்னைப் பெண் பார்க்க வந்தவர்தான் என் கணவர். பிறகு ஏமாந்தார். போய்ச் சேரும் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுப் போனுக்கு வில்லை கிடையாது. இப்போது அடுக்ககம் நிற்கும் இதே இடத்தில்தான் எங்கள் பழைய ஓட்டு வீடு இருந்தது. அப்பா டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்தோம். மறுநாள் அப்பா டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு வாங்கி வந்து பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் கோத்து மார்பில் போட்டுக்கொண்டார். வருகிற அழைப்பை எடுக்கலாம், வெளியே பேச முடியாது. தெருவில் பாதிப் பேர் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் போன் என்று அர்த்தம். போன் வந்தால் நான் வாசலில் நின்று கத்த வேண்டும். அவர்கள் ஈரக் கையோடு ஓடி வந்து பேசுவார்கள். நாங்கள் குடும்பத்தோடு சுற்றி உட்கார்ந்து, எதையும் கேட்காதவர்கள் போல எல்லாவற்றையும் கேட்போம். அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்த நாள்கூட உண்டு.

இந்த ஏற்பாட்டில் முதல் ஓட்டையைப் போட்டது என் அண்ணன். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது முழுக்க அவர் விவகாரம். என்னைவிட எட்டு வயது பெரியவர். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலை. வராண்டாவில் நின்று, கட்சிக்காரர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கும் ஆள் வரவில்லை என்றால் உள்ளே போய், "ஆஜர் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். அவர் கூப்பிட்டால் பக்கத்து மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார்கள்.

கோர்ட் வாசலில் ஒரு பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. எதிர்முனையில் எடுத்த பிறகுதான் காசு உள்ளே போகும். எடுக்காவிட்டால் காசு கையிலேயே இருக்கும். அண்ணன் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அதைத் தன் கோர்ட் கையெழுத்தில் அட்டையில் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒரு ரிங் அடித்து நின்றால்: நலம், வர நேரமாகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு ரிங் அடித்து நின்று, மறுபடி இரண்டு ரிங்: அவசரம், உடனே வா. போனை எடுத்துவிட்டால் சட்டம் மீறப்பட்டதாகக் கருதப்படும். நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்தார்.

பிறகு திருத்தங்கள் வந்தன. மழை பெய்யும்போது ஒரு ரிங் அடித்தால், குடையோடு பஸ் ஸ்டாப்புக்கு வா. இதைப் பார்த்துவிட்டு கோபாலபுரத்துச் சித்தப்பாவும் தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்: எங்கே போய்ச் சேர்ந்தாலும் ஒரு ரிங். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டு, அடைமழையில் கிளம்பிப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ரிங். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் நின்றேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். வீட்டுக்குத் திரும்பினால் அண்ணன் காய்ந்த சட்டையோடு வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்.

"எங்க பாப்பா போன, இந்த மழையில?"

"நீதானே ரிங் குடுத்த!"

"நானா? நான் ஃப்ரெண்டு ஸ்கூட்டர்ல வந்துட்டேன். சித்தப்பா ஊடு போய்ச் சேந்துட்டாரு போல. நல்லதாப் போச்சு."

அன்றைக்கு அந்த அட்டையைக் கிழித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதை இல்லை. கிழிக்கவில்லை. ஏன் என்றால், சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு ரிங்கில் ஒரு நிம்மதி இருந்தது. பேச வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். 'அப்புறம்?' என்று கேட்டு இழுக்க வேண்டாம். ஒரு ரிங், அவ்வளவுதான். ஆள் இருக்கிறார்.

வீடு இடிந்து அடுக்ககம் ஆனது. அண்ணன் தன் பங்கை வாங்கிக்கொண்டு கல்யாணமாகி சைதாப்பேட்டைக்கே போய்விட்டார். எனக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வந்தது, கூடவே அப்பாவின் பழைய நம்பரும். முன்னால் இலக்கங்கள் கூடின. வால் அப்படியேதான் இருந்தது.

இந்த நம்பரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் பத்து வருடச் சண்டை. பெங்களூரில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு முறை வரும்போதும் அதைத் தட்டிப் பார்த்து, "இன்னும் உயிரோட இருக்காம்மா?" என்பாள். என்னைக் கேட்கிற மாதிரியே இருக்கும். அவள் சொல்வதிலும் தப்பில்லை. அதில் வருவதெல்லாம் கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, உங்கள் கணக்கு முடங்கப்போகிறது மேடம், இதுதான். ஒரு பையன் தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிட்டு பல்லாவரம் தாண்டி மனை வாங்கச் சொல்வான். ஒருநாள் நான் திட்டிய திட்டுக்குப் பிறகு, "மேடம், நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டான். அதற்கப்புறம் என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்ததே, அந்த மழையில் மட்டும் இந்த போன் ராஜாவாக இருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் வெறும் செங்கல். என் வீட்டுப் போன் மட்டும் கொர்ர் என்று உயிரோடு இருந்தது. நாலு மாடியிலிருந்தும் மாடிப்படியில் வரிசை. வரிசையில் முதல் ஆள் யார் தெரியுமா? பத்மநாபன். அமெரிக்காவில் இருக்கும் அவர் மகள் இங்கே கூப்பிட, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது, "மேடம், இந்த ஒயருக்கு ஒரு கோயில் கட்டணும்" என்றார். கோயில் கட்டவில்லை. கொஞ்ச நாளில் செயலாளர் ஆனார்.

அண்ணி போன பிறகு அண்ணன் தனி ஆள். முப்பது வருடம் வராண்டாவில் கத்தியதில் தொண்டை போய்விட்டது. பேசினால் காகிதம் கிழிகிற சத்தம்தான் வரும். செல்போன் வாங்கிக் கொடுத்தேன். டப்பாவோடு பீரோவில் வைத்துவிட்டார். "பேசறதுக்குத்தான் அது. எங்கிட்ட இன்னா கீது பேச?" என்றார். பழைய அட்டைச் சட்டத்துக்கே திரும்பினோம். தினமும் காலை ஏழு மணிக்குச் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு ரிங். நான் பால் காய்ச்சிக்கொண்டே கேட்பேன். எடுக்க மாட்டேன். அவருக்கு அந்தப் பக்கம் மணி போகும் சத்தம் கேட்கும், எனக்கு இந்தப் பக்கம் மணி கேட்கும். இரண்டு பேரும் அவரவர் காபியைக் குடிப்போம்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பேச்சைக் கேட்டு, லைனைத் திருப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தைப் பையில் வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணா, அடுத்த வாரம் இதை எழுதிக் குடுத்துடப் போறேன். செல்லைக் கத்துக்கோ."

"அப்போ காத்தால நான் யாருக்கு ரிங் குடுக்கறது?"

"செல்லுல குடு."

"அந்த நம்பரு என் விரலுக்குத் தெரியாது பாப்பா."

"விரலுக்கு நாலு நாள் சொல்லிக் குடு! உனக்காக நான் காலம் பூரா காவல் காக்க முடியுமா?"

இது நான் சொன்னது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

புதன் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல ஒரு ரிங் வந்தது. ரோஷக்காரர்தான், ஆனாலும் கொடுத்தார். பத்து மணிக்கு மேல் வெளியே சாரத்தில் பெயின்டர்கள் சத்தம். அன்றைக்கு மனை விற்கும் பையன் கூப்பிடவில்லை. கடன் வேண்டுமா என்று யாரும் கூப்பிடவில்லை. ஆகா, இன்றைக்கு என்ன ஒரு அமைதி என்று சந்தோஷமாகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அதே பதினொரு மணிக்குச் சைதாப்பேட்டையில் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தவழ்ந்து கூடத்துக்கு வந்து, ஒயரைப் பிடித்து இழுத்துப் போனைக் கீழே தள்ளி, என் நம்பரைப் போட்டிருக்கிறார். மாடியில் குடியிருப்பவர்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். கத்தத் தொண்டை இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டாலும் பேச வேண்டுமே. ஆகவே சட்டப்படி இரண்டு ரிங், வைத்து, மறுபடி இரண்டு ரிங். கொஞ்சம் பொறுத்து மறுபடி. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது முறை. அவர் காதில் மணி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. என் வீட்டில் அவரைக்காய் நறுக்கும் சத்தம்தான்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ரிங் வரவில்லை. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. 'ஓ, லைன் போயிருக்கிறது, அதுதான்' என்று காபி கலந்தேன். குடித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான், அவர் ரிங் கொடுத்தாரா என்றே தெரியாதே என்று உறைத்தது. ஆட்டோ பிடித்தேன்.

"இன்னாக்கா, ரயிலு புடிக்கணுமா? இப்புடிப் பறக்கிற?" என்றார் டிரைவர்.

"எங்க அண்ணன் ரிங் குடுக்கல."

"போன் பண்ணலன்றதுக்கா இம்மாம் தூரம் போற?" என்று சிரித்தவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பிரேக்கே போடவில்லை.

என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். கூடத்தில் தரையில் கிடந்தார். போன் மார்பின் மேல் இருந்தது. முதலில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கிழிந்த குரலில் சொன்னார்:

"மூணு தபா கூப்ட்டேன் பாப்பா. ஆஜர் ஆவல நீ."

ஆபரேஷன் முடிந்து, என் வீட்டுக் கூடத்தில்தான் இப்போது கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். இந்த விவகாரத்தைத் தவிர என்னோடு எதுவும் பேசுவதில்லை. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் மூத்திரப் பாத்திரம். சட்டம் அமலில் இருக்கிறது, சமாதானம்தான் இல்லை. முந்தின நாள் நான் பேசிய பேச்சை வைத்து அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: இவள் பக்கத்தில் உட்கார்ந்து மணியைக் கேட்டுக்கொண்டே, வேண்டுமென்றே வராமல் இருந்தாள்.

டெலிபோன் லைன் பார்க்க வந்தவரையே விளக்கச் சொன்னேன். "பெரியவரே, இங்க ஒயரு அறுந்திருந்தாலும் கூப்புடறவங்க காதுல மணி போறாப்லதான் கேக்கும். அது எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற சத்தம்" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். என் செல்போனிலிருந்து அதே நம்பரைப் போட்டு அண்ணன் காதில் வைத்தேன். டிரிங், டிரிங் என்று போகிறது. கூடத்தில் போன் பிணம் மாதிரி கிடக்கிறது. அண்ணன் கேட்டார். எத்தனை வக்கீல்களைப் பார்த்தவர்!

"சரி, இப்போ அறுந்து கீது. அன்னிக்கு அறுந்து இருந்துச்சா?"

"வியாழக்கிழமை காலையில நானே எடுத்துப் பார்த்தேன்ணா, டெட்டா இருந்துது."

"உன் கேசுக்கு நீயே சாட்சியா? செல்லாது."

ஆகவே எல்லாம் அந்த ஒயர் என்று அறுந்தது என்பதில் வந்து நிற்கிறது. புதன் காலை என்றால் நான் அவர் தங்கை. வெள்ளி என்றால் நான் கொலைகாரி.

பெயின்டரைப் பிடித்தேன். பாவம், மறைக்கத் தெரியாத மனிதர். "புதன்கெயம, பத்து மணி டீ குட்ச்சிட்டு வந்தேன்மா. செகரட்டரி சார் கீழ நின்னுக்கினு, 'அந்த ஒயரு இன்னாத்துக்குத் தொங்கிக்கினு கீது, அறுத்துடு'ன்னாரு" என்றார். பத்மநாபன் இந்தத் தமிழில் பேசியிருக்க மாட்டார், பொருள் இதுதான். அந்தப் பெயின்டர் மறுவாரமே வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அண்ணனிடம் நான் சொன்னால் அது கேள்விப்பட்ட சாட்சி, அதுவும் செல்லாது.

பத்மநாபன் வீட்டுக்கே போனேன். கதவைப் பாதி திறந்தார்.

"மேடம், எலிவேஷன் கெட்டுப்போகுது. ஒரே ஒரு ஒயர், பில்டிங் மூஞ்சிக்கு குறுக்கால."

"அதை அப்புறம் பேசலாம். எந்தக் கிழமை அறுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமைன்னு ரெக்கார்டுல இருக்கு."

"எந்த ரெக்கார்டு?"

"நான் எழுதினதுதான்."

"சார், எங்க அண்ணன் என்கூடப் பேச மாட்டேங்கறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்க நிலைமை புரியுது. ஆனா நான் புதன்னு சொல்லி, நாளைக்கு அவர் கேஸ் கீஸ் போட்டா? அசோசியேஷன் பேர் கெட்டுடுமில்ல?"

கேஸா! முப்பது வருடம் வாய்தா கூப்பிட்ட மனிதர் சார் அவர். கேஸ் போட்டால் எப்போது முடியும் என்று உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஊரில் எத்தனையோ போய்விட்டன. காசு போட்டுப் பேசும் பெட்டிகள் போயின. வாசனை வில்லை ஒட்டிய பெண் போனாள். பத்திரிகைகளில் 'பி.பி.' போயிற்று. அதற்கெல்லாம் நான் அழுததில்லை. போனால் போகட்டும், பாதி தொல்லைதான். ஆனால் அந்தக் காலத்தில் தெருவே ஒரு போனை நம்பி இருந்தபோது, யாருக்கு என்ன சேதி வந்தது, எப்போது வந்தது என்று பத்துப் பேருக்குத் தெரியும். நான் கூப்பிட்டேன், நீ வரவில்லை என்று ஒருவர் சொன்னால், இல்லையப்பா, அவள் கத்தினாள், நான் கேட்டேன் என்று சொல்ல எதிர்வீட்டில் ஓர் ஆள் இருக்கும். இன்றைக்கு நாலு மாடி, பதினாறு குடும்பம், வாசலில் கார்களை மட்டும் பார்க்கும் கேமரா. ஓர் ஒயர் எப்போது அறுந்தது என்று சொல்ல ஒரு நாதி இல்லை. கும்பிடு போட மட்டும் ஆள் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு. அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் இறக்கி, முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். பத்மநாபன் சார், எனக்கு மன்னிப்பு வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம். ஒயரைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்பதைக்கூட நீங்களே ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் எழுந்து நின்று, மைக்கைக் கையில் பிடித்து, பதினாறு குடும்பத்தின் முன்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?